ராக்காயி மறித்த கல்யாண வண்டிகள்

ரயில் வந்துவிட்டது, பஸ் இன்னும் வரவில்லை. அப்படியொரு காலத்தில் சிவகங்கைப் பக்கம் முத்தலாங்குடியில் ராக்காயி என்று ஒருத்தி இருந்தாளாம். எங்கள் வம்சத்துக்கு மூத்தவள். புருஷனோடு இலங்கைத் தோட்டத்துக்குப் போனவள், அவனை அங்கேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மகள் அழகியோடு திரும்பி வந்தாளாம்.

அழகிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். பந்தல் போட்டாயிற்று, வாழை கட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேதி கண்டிருக்கிறது என்று சேதி வந்ததாம். காலையில் ஏர் பிடித்தவனைச் சாயங்காலம் பாடையில் ஏற்றுகிற பேதி!

எங்கள் ஊரில் அப்போது ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் ஊருணியில் கால் கழுவுவார்கள். ஊரே குடிக்கிற ஊருணி! அதே தண்ணீரில் கரைத்த பானகம் ஒரே செம்பில் எல்லார் வாய்க்கும் சுற்றி வரும். கேட்டால் மரியாதை என்பார்கள்.

வண்டிகள் வருகின்றன. சலங்கை கேட்கிறது, மேளம் கேட்கிறது. ராக்காயி ஓடினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லைக்கல்லுக்கு ஓடினாள். முதல் மாட்டின் மூக்கணாங்கயிற்றையே பிடித்துவிட்டாளாம்!

"இதுக்கு மேல ஒரு சக்கரம் உருளக் கூடாது. எல்லாரும் புளியந்தோப்புல தங்குங்க. சோறு வரும், வெந்நி வரும். யாருக்கும் பேதி இல்லன்னு தெரிஞ்ச பெறகு ஊருக்குள்ள வாங்க."

மாப்பிள்ளையின் தாய் சிட்டம்மா வண்டியிலேயே எழுந்து நின்றாளாம். "என்னடி சொன்ன? தாலி கட்ட வந்தவுகள தோப்புல அடைக்க நாங்க என்ன கிடை மாடா?"

"கப்பல் ஏத்துறதுக்கு முன்னால மண்டபம் கேம்புல எங்களயும் அப்படித்தான் அடைச்சாக, மதினி. நானும் வாய் வலிக்க வஞ்சேன். ஆனா கேம்புக்குள்ள கண்ட பேதி வெளிய தாண்டலயே! கண்ணால பாத்தேன்."

"அப்ப அந்தக் கேம்புலயே ஒரு மாப்பிள்ளையத் தேடிக்க! திருப்புங்கடா வண்டிய!"

ஊர்ப் பெரியவர் ஓடிவந்தார். "ஏத்தா, பந்தல் போட்ட வீடு. வாசல்ல நின்ன கல்யாணம் திரும்பிப் போனா, நாளைக்கு அவள எவன் கட்டுவான்?"

"கட்டாட்டிப் போறான். எம்மக மொதல்ல உசுரோட இருக்கட்டும்!"

மாடுகளைத் திருப்புகிறார்கள். அப்போது சிட்டம்மாவின் புருஷன் மாயழகு வண்டியை விட்டுக் குதித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்கு ஓடினான். திரும்பி வர முடியவில்லை, விழுந்துவிட்டான். மேளம் நின்றது. ஊர்ச்சனம் பின்னால் நகர்ந்தது.

"ராக்கு!" என்று அலறினாளாம் சிட்டம்மா. ஏசின வாய்தான்.

ராக்காயி ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டினாள். "போனா நீயும் திரும்ப முடியாது ஆத்தா!" என்றார் பெரியவர்.

"நான் சொன்ன சட்டம் எனக்குத் தெரியாதா? அழகி, விறகும் அரிசியும் கல்லுகிட்ட வச்சிட்டு ஓடிரு. கிட்ட வராத!"

வந்தவர்களைப் புளியந்தோப்பில் இறக்கி, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாள். கொதித்த தண்ணீரைத் தவிர யாரும் வாயில் ஊற்றக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சியை மடக்கு மடக்காகக் கொடுத்தாள். குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டினாள். அசிங்கமான துணியை எரித்தாள். தோப்பில் இரண்டு உயிர் போனது உண்மை. மாயழகு பிழைத்தான். சுற்றுப்பட்டு ஊரிலெல்லாம் பறைச்சத்தம் ஓயவில்லையாம். முத்தலாங்குடியில் ஒரு குழந்தைக்குக்கூட வயிறு கடுக்கவில்லையாம்!

"போதும், வா ஆத்தா" என்று ஊரார் கூப்பிட்டார்கள். "நேத்துத்தான் கடைசி ஆளு எந்திரிச்சு உக்காந்திருக்கான். இன்னும் பாக்கணும்" என்று மறுத்துவிட்டாள்.

எல்லாம் அடங்கிய பிறகு அவள் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து, திரும்பி நின்றாள். சிட்டம்மா தன் கையால் அடுப்பு மூட்டி, தன்னோடு வந்தவர்களுக்கெல்லாம் வெந்நீர் கொடுத்தாள்.

"குடிச்சாச்சா மதினி?"

"குடிச்சாச்சு. வழி விடு ராக்கு." ராக்காயி விலகினாள், அழகி கழுத்தில் தாலி ஏறியது.

அன்றிலிருந்து எங்கள் ஊருணியில் யார் காலும் பட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கார் போட்டு வந்தாலும் எல்லைக்கல்லில் இறங்க வேண்டும். சம்பந்தியம்மா அடுப்பு மூட்ட வேண்டும். சித்திரை வெயிலிலும் வெந்நீர்தான், ஆளுக்கொரு டம்ளர். குடித்து முடித்து, "வழி விடு ராக்கு" என்று அவள் சொன்னால்தான் பெண்ணைப் பெற்றவள் விலகுவாள். அவளுக்கு வீட்டில் என்ன பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த இடத்தில் அவள் ராக்கு.