கடவையில் நின்றுபோன கார்

பெயர்: மார்க்கண்டு குணலட்சுமி
வயது: 61
முகவரி: புகையிரதக் கடவை ஒழுங்கை, இணுவில் கிழக்கு
தொழில்: இல்லை. முன்னர் பாலர் பாடசாலை ஆசிரியை
பதிபவர்: பொலிஸ் சார்ஜன்ட் ஜெயதீபன். தமிழில் சொல்லத் தமிழில் பதியப்படுகிறது.

மேற்படி முகவரியில் நானும் என் கணவர் மார்க்கண்டுவும் வசித்து வருகிறோம். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டபடியால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிறார்கள். என்னைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் கணவர்தான். எங்களிடம் உள்ளது ஒரு பழைய யப்பான் கார். அதை அவரைத் தவிர வேறு எவரும் ஓட்டுவதில்லை.

கடந்த மாரி மழைக்குப் பிறகு இந்தக் கார் ஓடும்போது இடைக்கிடை குலுங்கத் தொடங்கியது. இஞ்சின் நன்றாக இழுத்துக்கொண்டு போகும், திடீரென்று இருமல் பிடித்தவர் போல விட்டுவிட்டு இழுக்கும், பிறகு தானாகவே சரியாகிவிடும். சில நாட்களில் ஒரேயடியாக நின்றுவிடும். ஏதாவது மர நிழலில் தள்ளி வைத்துக் காத்திருந்தால், ஒன்றும் நடக்காதது போலத் திரும்பவும் ஸ்ராட் ஆகும். சுத்திகரிப்பு முடிந்து வரும்போது எனக்குக் கால்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிறர் தாங்காமல் நடக்க முடியாது. ஆகையால் வழியில் கொக்குவிலைத் தாண்டும்போதே என் கை முன் ஆசனத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் ரேடியோவையும் நிறுத்திவிட்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டுவார்.

அதன் பின்னர் என் கணவர் காரைக் குருநகரில் கராஜ் வைத்திருக்கும் ஜெறோம் என்பவரிடம் கொண்டுபோனார். அவர் பிளக்குகளையும் கொண்டென்சரையும் மாற்றினார். அதன் பின்னரும் கார் நின்றதால் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார், பெற்றோல் தாங்கியையும் துப்புரவு செய்தார். அங்கே ஒருநாளும் இஞ்சின் குலுங்கவில்லை. "அண்ணை, இதிலை ஒரு பிழையும் இல்லை. என்னட்டை வந்தால் உது நல்ல பிள்ளையாய் ஓடுது" என்று ஜெறோம் சொன்னதை நானும் கேட்டேன். விபத்துக்கு முன்னர் காரில் பழுது இருக்கவில்லை என்று பொலிஸ் சொல்வது இதை வைத்துத்தான் என்று அறிகிறேன். ஜெறோம் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் பழுது அவர் கண்ணில் படவில்லையே தவிர, இல்லாமல் இருக்கவில்லை.

பின் ஆசனத்தில் இருக்கும் எனக்கு இதைக் கவனிப்பதைவிட வேறு வேலை இருக்கவில்லை. போகும்போது கார் ஒருநாளும் குலுங்குவதில்லை, வரும்போதுதான் குலுங்குகிறது, அதுவும் என் சுத்திகரிப்பு முடியப் பிந்துகிற நாட்களில்தான் என்று கண்டுகொண்டேன். இதை ஜெறோமுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர், "அக்கா, அப்ப வாற செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரி வாசலுக்கே வாறன், உங்களோடை ஏறி வந்து பாக்கிறன்" என்றார். விபத்து நடந்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை.

அன்று சுத்திகரிப்பு இயந்திரம் கிடைக்கப் பிந்தியதால் பின்னேரம்தான் நாங்கள் வெளிக்கிட்டோம். கொக்குவிலில் கார் இரண்டு தரம் குலுங்கியது. நிற்பாட்டச் சொன்னேன். "வீடு கிட்டத்தானே, அசையாமல் இரும்" என்றார். எங்கள் ஒழுங்கையில் உள்ள புகையிரதக் கடவைக்குக் கதவு இல்லை, மணியும் விளக்கும் மாத்திரமே உண்டு. அப்போது மணி அடிக்கவில்லை. முன் சில்லுகள் தண்டவாளத்தைக் கடந்ததும் இஞ்சின் உதறிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் கார்த் திறப்பைத் திருகி ஸ்ராட் பண்ணிப் பார்த்தார், பற்றவில்லை. இறங்கித் தள்ளிப் பார்த்தார், அந்த இடம் மேடாக இருந்தபடியால் கார் அசையவில்லை. அதன் பின்னர் மணி அடிக்கத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஓடுங்கோ" என்று நான் சொன்னேன். "விசர்க் கதை கதையாதையும்" என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பவும் ஏறி, முதலாம் கியரைப் போட்டுத் திறப்பைத் திருகினார். இஞ்சின் பற்றாவிட்டாலும் அப்படிச் செய்தால் ஸ்ராட்டரின் இழுவையில் கார் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒவ்வொரு தரமும் ஒரு சாண் அளவில் நகர்ந்தது. அப்போது கடவைக்கு அப்பால் கடை வைத்திருக்கும் நிருஷன் ஓடிவந்து, என் பக்கக் கதவைத் திறந்து, என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புல்லில் கிடத்தினான். அங்கிருந்து பார்த்தபோது கார் இன்னமும் நகர்ந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. புகையிரதம் ஊதிக்கொண்டு, பிறேக் பிடித்தபடி வந்து, காரின் பின் மூலையில் அடித்தது. கார் சுழன்று வாய்க்காலுக்குள் விழுந்தது. புகையிரதத்தில் எவருக்கும் காயமில்லை. என் கணவருக்கு வலது கையும் விலா எலும்புகளும் முறிந்தன.

என் கணவர் வேண்டுமென்றே காரைத் தண்டவாளத்தில் நிறுத்தினார், என்னையும் கொன்று தானும் சாக நினைத்தார் என்று சந்தேகிப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது. "ஒருநாளைக்கு உந்தக் காரோடை எங்கடை கதை முடியும்" என்று அவர் கடையில் வைத்துச் சொன்னதாக நிருஷன் கூறியிருப்பதும் வாசித்துக் காட்டப்பட்டது. அவர் அப்படிச் சொன்னது உண்மை. நிருஷன் பொய் சொல்லும் பிள்ளையல்ல. முன்னொருநாள் வெயிலில் காரைத் தள்ளிக் களைத்துப்போய், எனக்குச் சோடா வாங்கும்போது சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

விபத்துக்குப் பிறகு, பொலிஸ் அனுமதியுடன், ஒரு கொன்ஸ்டபிள் பார்த்திருக்க, ஜெறோம் அந்தக் காரிலிருந்து கொயிலைக் கழற்றிப் பரிசோதித்தார். பிளக்குகளுக்குப் பொறி கொடுப்பது அதுதான். குளிர்ந்திருக்கும்போது பொறி நன்றாக விழுந்தது. பற்றரியில் தொடுத்து வைத்து, கையால் தொட முடியாத சூடு வந்ததும் பொறி விட்டுவிட்டு விழுந்து, பிறகு அடியோடு நின்றுவிட்டது. நானும் அங்கே கதிரையில் இருந்து பார்த்தேன். அதன் பின்னர் அவர் என்னிடம், "அக்கா, இஞ்சின் ஓடாமல் நிக்கேக்கை ஆரும் திறப்பைப் போட்டபடி விடுறவையோ? அப்பிடி விட்டால்தான் இது சூடேறி இவ்வளவு பழுதாகும்" என்று கேட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. சுத்திகரிப்புக்குப் பிறகு வெக்கை பட்டால் எனக்குக் குமட்டிச் சத்தி வரும். அதற்காக என் கணவர் காருக்குள் ஒரு சிறிய மின்விசிறி பூட்டியிருந்தார். திறப்பைப் போட்டால்தான் அது சுற்றும். நான் வெளியே வருமுன்னரே அவர் போய்த் திறப்பைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டு, நான் இருக்கும் இடத்தைக் குளிரப் பண்ணி வைத்திருப்பார். எனக்குப் பிந்துகிற நாட்களில் அது நெடுநேரம் சுற்றும். இதை நான் ஜெறோமுக்குச் சொன்னேன். அதுதான் காரணம் என்று அவர் சொன்னார். "இதை அவருக்குச் சொல்லாதையும் தம்பி" என்று கேட்டுக்கொண்டேன்.

"அம்மா, உங்களை இறக்கின பிறகும் அவர் ஏன் இறங்கேல்லை?" என்று சார்ஜன்ட் கேட்கிறார். அதையே நான் ஆஸ்பத்திரி விடுதியில் என் கணவரிடம் கேட்டேன். கேட்பதற்கு முன்னர் அந்தக் கேள்வியோடு இரண்டு இரவுகள் நான் நித்திரை கொள்ளவில்லை. அவர் கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்த்தார். "நிருஷன் உம்மை இறக்கினவனோ? எப்ப?" என்றார். மணியும் ஊதலும் ஸ்ராட்டர் சத்தமும் கேட்டதே தவிர, கதவு திறந்தது அவருக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நீர் பின்னாலை இருக்கிறீர் எண்டெல்லோ நான் திருகிக்கொண்டிருந்தனான்" என்றார்.

கேட்கப்பட்டதால் சொல்கிறேன், அவருடன் தனியே இருக்க எனக்குப் பயம் இல்லை.

இவ்வளவும் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டது. விசிறி பற்றிய பகுதியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுக்க முடியாது, வழக்கு நடந்தால் என் கணவர் முன்னிலையிலும் வாசிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. அதுவும் உண்மையானபடியால், நீக்கவோ சேர்க்கவோ ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மா. குணலட்சுமி