அடியில் ஒட்டிய பச்சைத் துணி

பெண்ணின் அப்பா: தொடாதீங்க சம்பந்தி. கண்ணால பாருங்க, போதும்.

பிள்ளையின் அப்பா: கல்யாணத்தோட எங்க வீட்டுக்கு வரப்போற ஜாடிதானே, தொட்டா என்ன? வெனிஸ் கண்ணாடிக்காரர் கார்வோலி செஞ்ச எங்க வீட்டு ஜாடி பக்கத்துல நிக்கப்போகுது. தகுதி பாக்க வேணாமா?

பெண்ணின் அப்பா: தகுதியா! இதுவும் கார்வோலிதான். வெனிஸ்ல அவரே வாய் வெச்சு ஊதினது. எங்க தாத்தா கப்பல்ல மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தாரு.

பிள்ளையின் அப்பா: மடியிலயேவா... வழி முழுக்க எந்திரிக்கவே இல்லியாக்கும்?

பெண்ணின் அப்பா: எங்க பரம்பரையில உக்காந்தா உக்காந்ததுதான்.

பிள்ளையின் அப்பா: அது சரி. கார்வோலி செஞ்சதுதான்னு எப்படிச் சொல்றீங்க?

பெண்ணின் அப்பா: கைப்பிடியைப் பாருங்க. கடல்குதிரை. வாலை இடப்பக்கமாச் சுருட்டுறவரு உலகத்துலயே அவரு ஒருத்தருதான்.

பிள்ளையின் அப்பா: எனக்கென்னவோ பல்லி மாதிரி...

பெண்ணின் அப்பா: பல்லியா? உங்க வீட்டுக் கண்ணுக்குப் பல்லிதான் தெரியும்!

பெண்ணின் அம்மா: ஏங்க, மெதுவா. உள்ள பொண்ணு காதுல விழுது.

பெண்ணின் அப்பா: விழட்டும். எப்பேர்ப்பட்ட இடத்துக்குப் போறோம்னு தெரிஞ்சுக்கட்டும்.

பிள்ளையின் அப்பா: கோவப்படாதீங்க. இங்க விரலை வையுங்க. வாயிலருந்து அடிவரைக்கும் ஒரு கோடு ஓடுதா?

பெண்ணின் அப்பா: அது அழுக்கு.

பிள்ளையின் அப்பா: அழுக்கு ஸ்கேல் வெச்ச மாதிரியா உக்காரும்? அச்சு, சம்பந்தி. ரெண்டு பாதியைச் சேத்து வார்த்த கோடு. கையால ஊதுன கண்ணாடியில இது வராது.

பெண்ணின் அப்பா: சிமெண்டு விக்கிறவரு கண்ணாடி எப்பப் படிச்சீங்க?

பிள்ளையின் அப்பா: படிக்கல... பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதை விடுங்க. அடியைக் காட்டுங்க. ஊதி முடிச்சதும் கம்பியிலருந்து ஒடிச்சு எடுத்த தழும்பு அங்க வட்டமா இருக்கணும்.

பெண்ணின் அப்பா: அடியெல்லாம் காட்ட முடியாது.

பிள்ளையின் அப்பா: ஏன்... அட, பச்சைத் துணி ஒட்டியிருக்கே!

பெண்ணின் அப்பா: மேஜையில கீறல் விழக்கூடாதுன்னு எங்கப்பா ஒட்டினது.

பெண்ணின் அம்மா: மாமாவா? போன வருஷம் நீங்கதானே பசையைக் கையெல்லாம்...

பெண்ணின் அப்பா: நீ போய் காபியைப் பாரு.

பிள்ளையின் அப்பா: துணியைக் கொஞ்சம் பிச்சுப் பாத்துடலாமே.

பெண்ணின் அப்பா: எங்க குடும்ப மானத்தைப் பிச்சுப் பாக்கணும்ங்கறீங்க.

பிள்ளையின் அப்பா: மானம் துணிக்கு அடியிலயா இருக்கு? இதைச் சொல்லித்தான் சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன். போலின்னு ஆச்சுன்னா இந்தக் கல்யாணம்...

பெண்ணின் அப்பா: நின்னுடுமா?

பிள்ளையின் அப்பா: யோசிக்கணும்.

பெண்ணின் அப்பா: யோசனையே வேணாம். மியூசியத்துல கண்ணாடி பாக்குறவர் எனக்குத் தெரிஞ்சவரு. நாளைக்கே வரச் சொல்றேன். அவரு சொன்னா ஒத்துக்குவீங்களா?

பிள்ளையின் அப்பா: தாராளமா.

பெண்ணின் அப்பா: அப்ப உங்க ஜாடியையும் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடட்டும்.

பிள்ளையின் அப்பா: எங்களுதா... அது எதுக்கு? அது ரொம்பக் கனம்.

பெண்ணின் அப்பா: மடியில வெச்சுக்கிட்டு வாங்க.

பிள்ளையின் அப்பா: வழியில உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா...

பெண்ணின் அப்பா: துண்டு போதுமாம். அதை வெச்சே சொல்லிடுவாராம்.

பிள்ளையின் அப்பா: சம்பந்தி... நமக்குள்ள வெளியாளு எதுக்கு?

பெண்ணின் அப்பா: ஏன், பயமா?

பிள்ளையின் அப்பா: எனக்கா! இல்ல... வெளிச்சத்துல பாத்தா கடல்குதிரைதான். வாலும் இடப்பக்கம்தான்.

பெண்ணின் அப்பா: அந்தக் கோடு?

பிள்ளையின் அப்பா: அழுக்கு. தொடச்சா போயிடும்.

பெண்ணின் அம்மா: என்னங்க இது? காபி கொண்டாறதுக்குள்ள பல்லி குதிரையாயிடுச்சு!

பிள்ளையின் அப்பா: சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு. மறைக்காமச் சொல்லுங்க. எங்க ஜாடியைப் பத்தி... உங்களுக்கு எப்படி...

பெண்ணின் அப்பா: மொதமொதல்ல உங்க வீட்டுக்கு வந்தப்போ, நீங்க போன் பேச வெளிய போனீங்க. அலமாரியைத் தொறந்து தூக்கிப் பாத்தேன். இதே கோடு, இதே பச்சைத் துணி. அதுக்கப்புறம்தான் பொண்ணைக் குடுக்குறேன்னே வாயைத் தொறந்தேன். என் ஜாடியைப் பத்தி வெளியில மூச்சு விட முடியாத வீடு, உலகத்துலயே உங்க வீடு ஒண்ணுதான் சம்பந்தி.