ஜன்னலைப் பூட்டு, கிரேம்!

...இல்ல தம்பி, நீயே சொல்லு, உன் கண்ணுக்கு இந்தத் தாள்ல இருக்கறது ரெண்டே முக்கால் மீட்டர் கதவாத் தெரியுதா? ஸ்கேலை வச்சுப் பாரு. இந்தா பிடி. ரெண்டே கால் கூட இல்ல! படகு தள்ளுவண்டியோட சேத்து ரெண்டரை. எப்படி உள்ள போகும்? ஒருக்களிச்சா போகும்?

ஐயோ, நீயும் பிரிண்ட் போடத்தான் வரிசையில நிக்கறியா? ஒரே ஒரு தாள்தானே? ஆங், பூனை. காணாமப் போச்சா? பிஸ்கட்னு பேரா? பாவம், நல்ல மூஞ்சி. கவலைப்படாத, வந்துடும். பூனைக்கு ஸ்கேல் வேண்டாம் பாரு, பெருசாப் போட்டாலும் பூனை, சின்னதாப் போட்டாலும் பூனை. குடுத்து வச்சவன் நீ. எனக்கு அஞ்சே நிமிஷம்.

எங்க விட்டேன்? ஆங், கதவு. எங்க சர்ஃப் கிளப்புக்குப் படகுக் கொட்டகை கட்டறோம் தம்பி. கட்டடப் படம் நான் வேலை பாக்கற வரைபட ஆபீஸ்லதான் போடறோம், சும்மா, கிளப்புக்காக. நானும் அந்தப் படகுல துடுப்பு போடறவதான். அம்பது தாண்டின பொம்பளைங்க டீம். சிரிக்காத! போன வருஷம் டெவன்போர்ட்காரிங்களைத் தோக்கடிச்சோம். அந்தப் படகு ரெண்டு குளிர்காலமா தார்ப்பாய்க்கு அடியில கெடந்து நனையுது. இன்னொரு குளிர்காலம் தாங்காதுன்னு தச்சன் சொல்லிட்டான். இன்னிக்குச் சாயங்காலம் கமிட்டி ஓட்டுப் போடுது. இன்னிக்கு விட்டா அடுத்த கூட்டம் எல்லாரும் வெயில் தேடிக் குயின்ஸ்லாந்து போய்ட்டு, குளிர்காலம் முடிஞ்சு திரும்பினப்புறம்தான்.

கமிட்டின்னா யாருங்கற? பூரா ரிட்டையர் ஆன கொத்தனாரு, தச்சன், பிளம்பர். ஆளாளுக்குச் சட்டைப் பையில ஒரு முக்கோண ஸ்கேல்! வேற ஊர்ல கூட்டத்துக்குக் கண்ணாடி கொண்டு வருவாங்க, இங்க ஸ்கேல் கொண்டு வருவாங்க. படத்துக்குக் கீழ கொட்டை எழுத்துல போட்டிருக்கோம், 'அளந்து பாக்காதே, எழுதின எண்ணைப் படி'ன்னு. அது அவங்களுக்கு 'பெயிண்ட் காயலை, தொடாதே'ங்கற மாதிரி. தொட்டே ஆகணும்!

போன மாசம் என்ன ஆச்சு தெரியுமா? சுவத்துல ஒட்டற பெரிய தாள், ஏ-ஒன். அதுல ஒண்ணுக்கு அம்பது, அதாவது தாள்ல ஒரு சென்டி நெஜத்துல அம்பது சென்டி. மடியில வச்சுப் பாக்கற சின்னத் தாள், ஏ-த்ரீ. அது நீளத்துல சரிபாதி, அதனால ஒண்ணுக்கு நூறு. புரியுதில்ல? ரெண்டுலயும் அதே கதவு, அதே அளவு வரணும். சுவத்துல அளந்தா ரெண்டே முக்கால். மெர்வ்னு ஒரு கெழவர், அவர் மடியில அளந்தா ரெண்டே கால். எழுந்து நின்னாரு பாரு! "ஏம்மா ரோஸ், சுவத்துல போற படகு மடியில போகலையே, நாங்க எந்தக் கொட்டகைக்கு ஓட்டுப் போடறது?" சபையே சிரிச்சுது. தீர்மானம் அவுட்டு.

அதான் இன்னிக்கு, ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி நானே அளந்து பாக்கறேன். மறுபடியும் தப்பு! மொதல்ல மெஷின்தான்னு நெனச்சேன். தாளுக்குத் தக்கபடி சுருக்குன்னு ஒரு கட்டம் இருக்கும், அதைச் சொடுக்கிட்டாங்களோன்னு கவுண்டர்ல அந்தப் பொண்ணுகிட்ட ஒரு சத்தம் போட்டேன். இல்லையாம். ஓரக் கோடெல்லாம் சரியா இருக்கு, மெஷின் சுருக்கியிருந்தா அதுவும் சுருங்கியிருக்கும். அப்போ யாரு? வேற யாரு, கிரேம்தான்!

கிரேம் ஆபீஸ்ல எனக்கு எதிர் மேஜை. நல்லவன்தான்ப்பா. என் பையன் கல்யாணத்துக்கு நாற்காலியெல்லாம் அவன்தான் அடுக்கினான். ஆனா ஜன்னலைப் பூட்ட மாட்டான். எந்த ஜன்னலா? இரு, காட்டறேன். லேப்டாப் பக்கம் வா. வாப்பா, பூனை எங்கயும் போயிடாது... அட, போயிடுச்சில்ல, மன்னிச்சுக்கோ.

இதோ பாரு. கொட்டகையைக் கம்ப்யூட்டர்ல நாங்க ஒரே ஒரு தடவைதான் வரையறோம், நெஜ அளவுல. அப்புறம் ஒவ்வொரு தாள்லயும் ஒரு ஜன்னல் வெட்டி, அது வழியாப் பாக்கறோம். இந்த ஜன்னலுக்கு ஒண்ணுக்கு அம்பது, அந்த ஜன்னலுக்கு ஒண்ணுக்கு நூறு. வச்சதும் பூட்டணும். பூட்டலைன்னா போச்சு! எங்க ஆபீஸ்ல நானே எழுதி ஒட்டியிருக்கேன், 'ஜன்னலைப் பூட்டு'. பூட்டாம விட்டவங்க வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஸ்காலப் பை வாங்கணும், கறி மசாலா போட்டுச் சிப்பி அடைச்சுச் சுட்டது. போன மாசத்துலேர்ந்து கிரேம்தான் வாங்கறான். வாராவாரம். தீர்மானம் பாஸாகற வரைக்கும்னு தீர்ப்பு. தீர்ப்பு சொன்னதும் நான்தான். "நான் அந்த ஜன்னலைத் தொடவே இல்ல ரோஸ்"ங்கறான். தொடாம எப்படி மாறும்? பேய் வந்து மாத்துமா?

பூட்டலைன்னா என்ன ஆகும்னு பாரு. சும்மா ஒருத்தருக்கு உள்ள எதையோ காட்டணும்னு வை. மவுஸை இப்படி ஜன்னலுக்குள்ள வச்சு, சக்கரத்தை இப்படி உருட்டினா... கிட்ட வருது பாத்தியா? கொட்டகை மூலையில வைக்கப்போற பியர் ஃபிரிட்ஜ் எவ்வளவு அழகாத் தெரியுது! பாத்து முடிச்சதும் பின்னால உருட்டுவோம். பழையபடி ஆன மாதிரிதான் இருக்கும். கண்ணுக்கு ஆயிடும், அளவுக்கு ஆகாது. கீழ மட்டும் ஒண்ணுக்கு நூறுன்னு கூசாம நிக்கும்.

இதே மாதிரிதான் நேத்து டாட்டுக்கு... டாட் எங்க கிளப் தலைவி, ஃபிரிட்ஜ் எங்க வருதுன்னு தெரியலைன்னா தூக்கம் வராது அவளுக்கு. போன மாசம் கூட்டத்துக்கு மொத நாளும் இப்படித்தான் வந்து நின்னா. "ஃபிரிட்ஜைக் காட்டு ரோஸ்"னு. நானும் இதே சின்னத் தாள்ல இப்படி உருட்டி...

...

தம்பி.

நீ ஒண்ணும் கேக்கலை. சரியா?

ஐயோ, ஐயோ, ஐயோ! ஊருக்குத்தான் உபதேசம் பண்ணியிருக்கேன். அந்த மனுஷனை வாராவாரம் பேக்கரி வாசல்ல நிக்க வச்சிருக்கேனே! வாயில வந்ததெல்லாம் சொன்னேன். எனக்கு அழுகையா வருது, சிரிப்பாவும் வருது. இரு, மொதல்ல அளவைச் சரி பண்றேன். ஒண்ணுக்கு... நூறு. முடிஞ்சுது. பொண்ணே! சின்னத் தாளைத் திரும்பப் போடும்மா. உன்மேல தப்பில்லம்மா, கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ.

வருது, வருது. ஸ்கேலைக் குடு. ரெண்டே முக்கால்! படகு போகுது தம்பி, மெர்வ் மடியிலயும் போகுது! இப்போ கமிட்டிக்கு முப்பது பிரதி. அனுப்பறதுக்கு முன்னாடி நீயும் பாத்துக்கோ, இந்த ஃபிரிட்ஜ் மூலை மட்டும் எவ்வளவு... ஆங், அனுப்பிட்டேன், போடும்மா!

அட, கிரேம்! கையில பை டப்பாவோட இங்கயே வந்துட்டியா? உள்ள வா. உக்காரு. இல்ல, நான்தான் நிக்கணும். கிரேம், அது நீ இல்ல. நான்தான். ரெண்டு தடவையும். டாட்டுக்கு ஃபிரிட்ஜ் காட்டறேன்னு உருட்டித் தொலைச்சது நான். நீ சொன்னதை ஒரு நாள் கூட நம்பலை, அதுதான்ப்பா எனக்குத் தாங்கலை. இனிமே வருஷக் கடைசி வரைக்கும் பை நான் வாங்கறேன். சிரிக்கறியே! திட்டேன், நல்லா வாய் விட்டுத் திட்டு, எனக்கு மனசு ஆறும். இந்தத் தம்பியே சாட்சி... தம்பி? எங்க போனான்? பூனைப் படத்தை இங்கயே விட்டுட்டுப் போயிட்டானே!

ஆங்? என்ன கேட்ட? ஆமா, அளவை வச்சுட்டேன், ஒண்ணுக்கு நூறு, அளந்தும் பாத்துட்டேன். அப்புறம் அந்தத் தம்பிக்கு ஃபிரிட்ஜைக் காட்ட லேசா ஒரு உருட்டு... பூட்டினேனாவா?

பொண்ணே! நிறுத்தும்மா! மெஷினை நிறுத்து!