பவனி காரின் நெற்றிப்பொட்டு

வைகை மண் வளர்த்த வல்லமையே! வடிவமைப்புக் கலையின் வற்றாத ஊற்றே! ஓய்ந்து கிடந்த வண்டிக்கு உயிர் ஊட்டிய உள்ளமே! ஒத்தக்கடைக் கார்த் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவை ஒப்பற்ற பொறுமையோடும் ஓயாத உழைப்போடும் நடத்தி, இன்று பணி நிறைவு காணும் எங்கள் வசுந்தரா அம்மையாரே! வணக்கம்.

தங்கள் முன்னால் தங்களைப் புகழ்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவதாகப் போன வாரமே எச்சரித்துவிட்டீர்கள். ஆகவே இனி வரும் சொற்களைச் சபையோரைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் கேட்டும் கேளாததுபோல் அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

சபையோரே! பழைய கார் என்றாலே உருகிப்போகும் கூட்டம் நாங்கள். எந்த மாடலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பேச்சு எழுந்தால் கேன்டீனில் டீ ஆறிப்போகும். ஒருவர் அம்பாசடரின் அகன்ற பின் இருக்கையைச் சொல்வார். இன்னொருவர் காண்டசாவின் நீண்ட முகத்துக்கு உயிரையே விடுவார். பியட்டில் ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் இருந்த அழகை மூன்றாமவர் கையை ஆட்டி ஆட்டி விளக்குவார். அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, இன்னைக்கு அதுல யாரு ஏறுவா, எங்க போவா?" என்பார். அத்தோடு பாதி மாடல்கள் மறுபடி ஷெட்டுக்குள் போய்விடும்.

அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடித்த ஒரே கார், நம் நிறுவனமே முன்னொரு காலத்தில் கட்டிக் கைவிட்ட பவனி. உயரமான கூரை, அகலத் திறக்கும் கதவு, மேடு பள்ளத்தில் தட்டாத அடிப்பாகம். மாலையும் கழுத்துமாக வரும் மணமக்கள் தலை குனியாமல் ஏறலாம். முழங்கால் வலிக்காரர் முனகாமல் இறங்கலாம். கொட்டாம்பட்டித் தோட்டத்துப் பாதையிலும் அது போகும். அதை மின்சாரக் காராக மறுபடி கொண்டுவர வேண்டும் என்று அம்மையார் கேட்டுக் கேட்டு, முதலாளி கோகுல்நாத் ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். மாதிரி வண்டியைப் பார்த்து வெளியூர் முதலீட்டாளர்கள் சரி என்றால் பவனி. இல்லையென்றால் அந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது. அம்மையார் ஓய்வுபெற அப்போது ஓராண்டுகூட இல்லை.

வண்டி தயாரானது. எதிரே ஆள் நின்றால் காரைத் தானாக நிறுத்தும் கேமராவை எங்கள் மின்னணுப் பொறியாளர் தமிழ்வாணி முன்முகத்தின் நட்டநடுவில் பதித்தார். சூடாகும் என்ஜின் இல்லாத மின்சாரக் காருக்குக் காற்று எதற்கு என்று பழைய பவனியின் கம்பிக் கிரில்லை எடுத்துவிட்டு, முகத்தை மொழுமொழுவென்று மூடிவிட்டோம். அம்மையாருக்கு அதில் மனமில்லை. ஆனாலும் எங்கள் ஆசைக்கு விட்டுக்கொடுத்தார்.

முதலீட்டாளர்கள் வரும் நாளன்று, பாடி கட்டும் பிரிவு சிவபாண்டி முதல் ஆளாக வந்து வண்டிக்குப் பூசை போட்டார். பூசை போடாமல் மதுரையில் எந்தப் புது வண்டி நகர்ந்திருக்கிறது? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மாலை கட்டக் கம்பி இல்லாததால் அது நழுவி நழுவி விழ, கடைசியில் வைப்பரில் தொங்கவிட்டார். பிறகு முன்முகத்தின் நட்டநடு நெற்றியில் நல்ல பெரிய சந்தனப் பொட்டாக வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டார்.

விருந்தினர் வந்து நிற்க, கோகுல்நாத் ஏறி அமர்ந்து வண்டியை எடுத்தார். வண்டி நகரவில்லை. எதிரே ஆள் நிற்கிறது என்று சிவப்பு விளக்கைக் காட்டி அடம்பிடித்தது. கேமராவைப் பொட்டு மறைத்திருப்பதைப் புரிந்துகொண்ட தமிழ்வாணி, அதை அம்மையாரின் காதில் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்ட சிவபாண்டிக்கு முகம் செத்துப்போனது. தோள் துண்டை உருவிக்கொண்டு ஓடினார். ஒரு துடை துடைத்திருந்தால் வண்டி ஓடியிருக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகியிருக்கும், அம்மையாரின் ஆயுட்கால ஆசை அன்று மதியமே நிறைவேறியிருக்கும்.

"சிவபாண்டி, துடைக்காதீங்க," என்றார் அம்மையார்.

பிறகு விருந்தினர் பக்கம் திரும்பினார். "பொட்டு வச்ச இடம் சரிதான். நாங்க கேமரா வச்ச இடம்தான் தப்பு. இந்த ஊர்ல யாரு இந்தக் காரை வாங்குனாலும் பொட்டு அங்கதான் வைப்பாங்க. இப்ப துடைச்சு ஓட்டிக் காட்டுனா உங்களை ஏமாத்துனதா ஆயிரும். கொஞ்சம் அவகாசம் குடுங்க, சரி பண்ணிட்டுக் கூப்பிடுறோம்."

வந்தவர்கள் புறப்பட்டுப் போனார்கள். முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பவனி அவ்வளவுதான் என்று நாங்களும் நினைத்தோம். அம்மையார் மட்டும் மறுநாள் வழக்கம்போல் வந்தார். இனித் தொழிற்சாலைப் பக்கமே வரமாட்டேன் என்று வீட்டிலிருந்த சிவபாண்டியை ஆளனுப்பி வரவழைத்தார். கேமரா, காரின் முன்பக்கக் கண்ணாடியின் உச்சிக்கு ஏறியது. மாலை கட்ட வாகாகக் கிரில் திரும்பி வந்தது. பிறகு முதலீட்டாளர்களை அவரே நேரில் போய் அழைத்தார். வர மனமில்லாமல் வந்தவர்கள் கையிலேயே சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்றார். அவர்களும் நட்டநடு நெற்றியில்தான் வைத்தார்கள். மாலையோடும் பொட்டோடும் பவனி தல்லாகுளம் வரை போய்த் திரும்பியது. அன்றே கையெழுத்தானது. கைக்கு வந்ததை ஒருவர் நேர்மைக்காகத் தள்ளி வைத்ததை அதற்குமுன் நாங்கள் கண்டதில்லை. இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

அம்மையாரே! சபையோரிடம் சொல்லி முடித்தோம்; இனித் தங்களிடம். நோய் நொடி அண்டாமல், நெஞ்சில் நிறைவு குறையாமல், சுற்றம் சூழச் சிரித்த முகத்தோடு நெடுங்காலம் நீடு வாழ வாழ்த்துகிறோம்! விற்பனைக்குப் போக வேண்டிய முதல் பவனி, முதலாளியின் சொற்படி, தங்களை வீட்டில் கொண்டுபோய் விட வாசலில் நிற்கிறது. மாலை கட்டியாயிற்று. பொட்டு மட்டும் இன்னும் வைக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு சிவபாண்டி பக்கத்தில் நிற்கிறார். தாங்கள் வந்து வைத்தால்தான் வண்டியை எடுக்க விடுவாராம்.

என்றும் தங்கள் அன்பில்,
பவனி பிரிவுப் பணியாளர்கள்,
ஒத்தக்கடை, மதுரை.