ரேடியோவிடம் கேட்டவர்

ஆரையம்பதியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மடியில் மீன் பை வைத்திருந்தவள் மற்றவளிடம் சொன்னாள்:

“ரேடியோவில வாற குடும்பம் சண்டை பிடிச்சாத்தான் எங்கட வீட்டில சிரிப்புச் சத்தம் கேக்கும்கா.”

“என்னகா சொல்லுறாய்?”

“மகள் டவுணில சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொடியனக் கட்டினதில இருந்து இவர் என்னோட கதைக்கிறல்ல. ஆறு மாசம். ஆனா ஞாயிற்றுக்கிழமை அந்த நாடகம் துடங்கினா பக்கத்தில வந்து குந்திருவார். போன கிழமை அதில வாற தகப்பன், மகளோட கோவிச்சுக்கொண்டு, ‘அவள் சாப்பிட்டாளா?’ எண்டு பூனைக்கிட்ட கேட்டான். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சம்.”

“மறுகா?”

“மறுகா இவர் சிரிப்ப நிப்பாட்டிப்போட்டுக் கண்ணத் துடைச்சார். இண்டைக்குக் காலம்பற, வாவியில புடிச்ச மீனக் குசினியில வச்சிட்டு, ‘டவுண் பஸ் எத்தின மணிக்கு?’ எண்டு ரேடியோக்கிட்ட கேக்கார்!”

“அவரும் வந்திருக்கலாமே.”

“வந்திருக்கார். பின்னுக்கு இருக்கார். என்னோட வந்ததாக் காட்டிக்கொள்ளல்ல.”

என் பக்கத்தில் இருந்த மனிதர் சட்டென்று யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டவுணில் அவள் மீன் பையோடு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவர் பஸ் படியில் கொஞ்சநேரம் தயங்கி நின்றார். பிறகு இறங்கி வேகமாக நடந்தார்.

“நில்லு புள்ள,” என்றார். “எனக்கு அவள்ட வீடு தெரியா.”