லெமினேட் பண்ணின சம்பளச் சிலிப்

...பதினாறாயிரம் புள்ள, சொளையாப் பதினாறாயிரம், மாசா மாசம். மருமகன்ட சம்பளச் சிலிப்புல ஒரு லெச்சத்தி எண்பதாயிரம் கிடக்கு. கையில வாறது லெச்சத்தி அறுவத்தி மூணும் சொச்சமும். மிச்சம் எங்க? இரிங்க ஹுஸ்னியா, பிளேன்டீயக் குடிங்க. நீங்க பக்கத்து வளவுக்குக் குடிவந்து மூணு நாளாகுது, கணக்கு வேல பாக்குற ஆளெண்டு நேத்துத்தான் கேள்விப்பட்டன்.

என்ட மருமகன் இஹ்ஸான் நல்ல புள்ள, வாய் தொறக்க மாட்டாரு. எனக்கு வாய் மூடாது. "அந்தக் காச மாவடிப்பள்ளி ஊருல இரிக்கிற உங்கட உம்மாக்குத்தானே குடுக்குறீங்க" எண்டு நேத்து சோத்துப் பீங்கானுக்கு முன்னால வெச்சிக் கேட்டுட்டன். மனிசன் கையக் கழுவினாரு, பேக்க எடுத்தாரு, உம்மா ஊட்ட போயிட்டாரு. எங்கட பக்கத்துல மாப்பிள்ள பொண்ணூட்டுலதானே இரிக்கிற. அவரு கிறுகி உம்மா ஊட்டுக்கே திரும்பிப் போனா ஊரு என்ன கதைக்கும்? மகள் றஸ்னா என்ட மொகத்தப் பாக்குறாளில்ல.

அவரு ஹார்ட்வெயார்க் கடையில மனேஜர். கலியாணம் பேசக்குள்ள சிலிப்புல தொண்ணூறாயிரந்தான் காட்டினாங்க. மிச்சத்த முதலாளி கவர்ல வெச்சிக் குடுப்பாரு. என்ட மச்சி பாஹிமாட மருமகன் பேங்குலயாம், பெரிய சம்பளமாம்... அவள்ர வாய அடைக்கணுமே. நானே அபாயாவப் போட்டுக்கிட்டுப் போய், முழுச் சம்பளத்தையும் சிலிப்புல போடுங்க எண்டு முதலாளிட்ட நிண்டன். போட்டா சம்பளத்துல வெட்டு வரும் எண்டு சொன்னாரு அந்த மனிசன். வந்தா வரட்டும் எண்டன். என்ன வெட்டெண்டு கேட்டனா? இல்ல.

முதல் சிலிப்ப லெமினேட் பண்ணி ஷோகேஸுல வெச்சன். இந்தா, இதுதான். பாஹிமா வாற நாளெல்லாம் அவள்ர கண்ணுக்கு முன்னால தூசி தொடைப்பன்.

என்ன புள்ள, கீழ வெரல வெக்கிறீங்க? அதுல எழுத்து சின்னன்... ஈ.பி.எப் பதினாலாயிரத்தி நானூறு. ஓ, அது வயசு போன காலத்துக்கு அவர்ர பேருலயே சேருமா? முதலாளியும் மேல போடணுமா? அதுக்குக் கீழ... வருமான வரி ஆயிரத்தி எண்ணூறு. முத்திரைக்கு இருவத்தஞ்சி. கூட்டினா...

அல்லாஹ்வே.

அப்ப அந்த உம்மாக்கு ஒரு சதமும் போகல்ல. எட்டு மாசமாத் தூசி தொடைச்சிருக்கன், பாதிக்குக் கீழ ஒரு நாளும் வாசிக்கல்ல. வேலியில போன ஓணானப் புடிச்சி மடியில கட்டினவள் நான், கடிக்குதெண்டு மருமகனுக்கு ஏசினவளும் நான்.

எழும்பாதீங்க, ஓட்டோவுக்குச் சொல்றன். மாவடிப்பள்ளிக்கு நீங்களும் வாங்க. அங்க நான் கதைச்சா இதும் பிழைச்சிரும். நீங்க கதைங்க, நான் வாயப் பொத்திக்கிட்டு பக்கத்துல நிக்கன்.

ஏன் புள்ள சிரிக்கிறீங்க?