குளிர்பெட்டியில் இரண்டு பூமுடிகள்

தலையில் சூடும் பூமுடிக்குப் பூவைவிட இலைதான் முக்கியம். இலை நன்றாக இருந்தால் பூ கொஞ்சம் போதும். பெரணி இலையை அடியில் வைத்து, மேலே பூவை வைத்து, நாரால் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் எனக்கு அது கைவரும். அம்மா தூங்கும் நேரத்தில்தான் கட்டுவேன். அவள் எப்போது விழிப்பாள் என்று சொல்ல முடியாது.

அம்மாவுக்கு ஞாபகம் அழிந்துபோய்ப் பல வருடமாகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அசதியில் நின்றபடியே கண்ணயர்ந்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் அம்மா என்னை பீலானி என்று கூப்பிட்டதே இல்லை. அவளுக்கு நான் கேஹாவ். அது லாஸ் வேகாஸில் இருக்கும் என் தங்கையின் பெயர்.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு கேஹாவ் வந்தாள். வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்க்கா, நீ ரொம்பப் பட்டுட்ட. அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுப் பக்கத்துலயே வயசானவங்களுக்கு நல்ல ஹோம் இருக்கு. இனிமேலாவது நீ நிம்மதியாத் தூங்கு."

பெரியப்பா மகன் கிமோ சிரித்தான். "தூங்கி எந்திரிச்சு என்ன பண்ணுவா? பீலானி, பேசாம எங்க வீட்டுக்கு வந்து சமைச்சுப் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நீண்ட நேரம் பாத்திரம் கழுவினேன்.

கோபத்தோடு பூக்கட்டக் கூடாது. கட்டுகிறவள் மனம் பூவில் இறங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் விருந்தில் அம்மாவும் கேஹாவும் சூட வேண்டிய பூமுடிகளை அன்று கட்டவில்லை. மறுநாள் மனம் அடங்கியிருந்தது. களைப்பு மட்டும்தான் மிச்சம்.

எங்கள் தீவின் மலைப்பக்கம் குளிர் அதிகம். மாலை மழையில் மாட்டிக்கொண்ட தேனீக்கள் கூட்டுக்குத் திரும்ப முடியாமல் லெஹுவா என்ற சிவந்த பூவுக்குள்ளேயே விறைத்துக் கிடக்கும். விடியற்காலையில் பறித்தால் அவையும் கூடவே வரும். அதற்காகத்தான் பூவைத் தண்ணீரில் முக்கி, உதறி எடுத்த பிறகு கட்டுகிறோம். எங்கள் ஊரில் சின்னப் பெண்ணுக்கும் இது தெரியும்.

அம்மாவின் பூவை இரண்டு தண்ணீரில் அலசினேன். கேஹாவின் பூவை அலசவில்லை.

கட்டி முடித்து இரண்டையும் குளிர்பெட்டியில் வைத்தேன். பூ வாடாமலிருக்க எல்லோரும் வைப்பதுதான். தேனீயும் அதில் தூங்கிக்கொண்டிருக்கும். தலைச்சூடு பட்டால் விழித்துக்கொள்ளும்.

சிறு வயதில் கேஹாவை ஒரு தேனீ கொட்டியபோது அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். இன்னொரு முறை கொட்டினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் ஊசிமருந்து இல்லாமல் வெளியே போனதில்லை.

விருந்தில் நானே அவள் தலையில் பூமுடியை வைத்தேன். "அக்கா, உன் கைக்கு முத்தம் குடுக்கணும்," என்றாள். கொடுக்கவும் செய்தாள். அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் ஆட ஆரம்பித்தாள். பாட்டு முடிவதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊசிமருந்து இருந்த அவள் கைப்பையை எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். மழையில் நனையக் கூடாதென்று அதைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு மறந்துவிட்டதாக முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அன்று மழையே பெய்யவில்லை. மறக்கவும் இல்லை.

அவள்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். புது இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் கையில் அம்மா ஒரு வாரம் தாங்கமாட்டாள். யாராவது அம்மாவைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

கேஹாவ் எங்கே என்று அம்மா இப்போதும் கேட்கிறாள். "இதோ இருக்கேன்மா," என்றால் வாயைத் திறக்கிறாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். அம்மாவுக்குக் கிழங்குக்கூழ் ஊட்டும் நேரமாகிறது, நான் வீட்டுக்குப் போக வேண்டும்.